எந்தக் கோயில் மொட்டை?

மே 4, ஞாயிறு

தையல் மெஷின் எண்ணெய்க் கம்பெனி ஒன்று ஜனவரியில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. நான்கு மாதமாக அரிசி டப்பா மேல் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உராய்வைக் குறைப்போம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். என் தற்போதைய நிலைமைக்குப் பொருத்தமான வாசகம்.

என் பெயர் கார்குழலி. கார்மேகம் மாதிரி கூந்தல் உள்ளவள் என்று அர்த்தம். வைத்தவர் அப்பா. இப்போது கூந்தல் இல்லை. காரும் இல்லை, சைக்கிள்தான்.

நடந்தது இதுதான். பிப்ரவரியில் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வழுவழு இடம். பிளஸ் ஒன் பரீட்சை முடிவதற்குள் இன்னும் மூன்று. ஏப்ரலில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஊரில் இதற்குப் புழுவெட்டு என்று பெயர். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பே தன் முடியை எதிரி என்று தப்பாக நினைத்துக்கொண்டு துரத்துகிறது, யாருக்கும் ஒட்டாது, திரும்ப முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம் என்று திருச்சி தோல் டாக்டர் சொன்னார். ஒரு களிம்பு கொடுத்தார். அது போதாது என்று அம்மா சின்ன வெங்காயம் தேய்த்தாள். இரண்டு வாரம் என் தலை சாம்பாருக்குத் தயாராக இருந்தது.

போன புதன்கிழமை குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு கத்தரியால் வெட்டி, மிச்சத்தை அப்பாவின் ரேசரால் வழித்தேன். முடியும் என்று நினைத்தேன். முடிந்தது.

வெளியே வந்ததும் அம்மா கையிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அப்பா என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். ரிப்பேருக்கு வந்த மெஷினை அப்படித்தான் பார்ப்பார்.

"என் ரேசர்லயா?"

"ஆமாப்பா."

வேறு எதுவும் கேட்கவில்லை. ரேசர் மேல் அவ்வளவு பாசம் போலிருக்கிறது.

அன்றைக்கு சோப்பு கண்ணில் பட்டது. இரண்டு நாள் சிவப்பு.

மே 5, திங்கள்

மொட்டை அடித்தவளைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் 'ஏன்' என்று கேட்பதில்லை. 'எந்தக் கோயில்' என்றுதான் கேட்கிறார்கள்.

எதிர்வீட்டுப் பங்கஜம் அக்கா வாளியோடு நின்று கேட்டார். "எந்தக் கோயில்டி குழலி?"

உண்மையைச் சொன்னால் 'அய்யோ பாவம்' என்று அக்காவின் முகம் ஒரு பக்கமாகச் சாயும். திருப்பதி என்றால் 'கோவிந்தா' என்பார். எனக்குக் கோவிந்தா போதும் என்று தோன்றியது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். பகுத்தறிவுப் படிப்பகத்துக்குப் பத்தொன்பது வருடமாகச் செயலாளர். எங்கள் வீட்டுக் காலண்டரில்கூடச் சாமி கிடையாது, டிராக்டர்தான். அவர் பெண் திருப்பதியில் மொட்டை அடித்தாள் என்றால் அது செய்தி.

அந்த யோசனை வருவதற்குள் இஸ்திரி வண்டிக்காரரிடம் பழனி என்றும், பால்காரரிடம் சமயபுரம் என்றும் சொல்லி முடித்திருந்தேன். ஒரே தலை, மூன்று கோயில். அறநிலையத்துறை என்னைத் தேடி வராமல் இருக்க வேண்டும்.

மே 6, செவ்வாய்

பங்கஜம் அக்கா லட்டு கேட்கிறார்.

மே 8, வியாழன்

மிட்டாய்க் கடையில் பூந்தி வாங்கி, நெய் விட்டுப் பிசைந்து, நாலு முந்திரி குத்தி, பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை போட்டு உருட்டினேன். என் தயாரிப்புகளிலேயே இதுதான் உச்சம். போன வருடம் கெமிஸ்ட்ரி லேபில் சீனிக்கும் உப்புக்கும் லேபிள் மாற்றியதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு.

அக்கா இரண்டு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுதார். "என்ன வேண்டிக்கிட்டியோ தெரியல. அது நடக்கும்டி" என்றார்.

நான் சிரிப்பதாக இருந்தேன். வரவில்லை. தொண்டையில் கற்பூர வாசம்தான் வந்தது.

மே 11, ஞாயிறு

ஒரு அறிவியல் உண்மை: வழித்த தலை வழித்தபடியே இருக்காது. முடி இருக்கும் இடத்தில் மூன்றாம் நாள் கறுப்பாகப் புள்ளி வைக்கிறது. இல்லாத இடம் அப்படியே இருக்கிறது. பத்து நாளில் தலை உலக வரைபடம். வலது காதுக்கு மேல் ஆப்பிரிக்கா. பின்னால் ஆஸ்திரேலியா, அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஜூன் இரண்டு பள்ளி திறக்கிறது. அன்றைக்கு என் தலை ஒரே நிறமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை. வரைபடமாகப் போனால் ஒருத்தியும் கோயில் என்று நம்ப மாட்டாள். எல்லாக் கண்ணும் ஒரு பக்கமாகச் சாயும்.

அதனால் இன்றைக்கு மறுபடி வழித்தேன். ஒன்பது வெட்டு. ஆப்பிரிக்காவில் நதிகள் ஓடின.

மே 12, திங்கள்

அப்பா தன் ரேசரைக் கடை விளக்குக்கு அடியில் பிரித்துப் போட்டிருந்தார். கடை என்பது எங்கள் வீட்டின் முன்னறை. ஊரில் உள்ள அத்தனை தையல் மெஷினும் வருடத்தில் ஒரு தடவையாவது இங்கே படுத்து எழுந்திருக்கும்.

"இங்க வா. இதப் பாத்தியா? இந்தக் கதவு ஆடுது."

பிடியைத் திருகினால் மேலே இரண்டு கதவு திறந்து பிளேடை வாங்கிக்கொள்ளும் பழைய ரேசர் அது. ஒரு கதவு தளர்ந்து போயிருந்தது.

"ஒரு பக்கம் பிளேடு அமுங்கி நிக்குது. இன்னொரு பக்கம் எகிறி நிக்குது. நீ எகிறின பக்கத்தால வழிச்சிருக்க."

"நீங்க இருபது வருஷமா இதுலதானப்பா பண்றீங்க?"

"எனக்கு எந்தப் பக்கம் நல்ல பக்கம்னு தெரியும். மூஞ்சிக்குக் கண்ணாடியும் இருக்கு. பின்னந்தலைக்கு என்ன இருக்கு?"

"ஆஸ்திரேலியா."

அப்பா திருகாணியைத் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கே கேட்டேனே, என் ரேசர்லயான்னு" என்றார். "கேட்டுட்டு விட்டுட்டேன் பாரு. புதுசா ஒண்ணு பாக்கணும்."

ரேசர் மேல் பாசம் என்று நான் எழுதியது தப்பு. அந்த வரியை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

மே 17, சனி

அப்பா திருச்சி போய் மூன்று ரேசர் வாங்கி வந்தார். மூன்றிலும் ஒற்றை பிளேடுதான். மூன்று நான்கு பிளேடு அடுக்கின வகை வேண்டாமாம். "இடுக்குல முடி அடைச்சுக்கும். அடைச்சா நீ அமுக்குவ. அமுக்கினா வெட்டும்."

எண் ஒன்று: நீளப் பிடி, எடை குறைவு. பார்க்க லட்சணம். எண் இரண்டு: குட்டையாக, தடியாக, கனமாக இருக்கிறது. எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியாரம்மா மாதிரி. எண் மூன்று: பிளேடுக்கு அடியில் சீப்பு மாதிரி பல் வரிசை. எனக்கு மூன்றுதான் பிடித்தது. முதலை மாதிரி இருந்தது.

கை நீட்டினேன். அப்பா பெட்டியை மூடிவிட்டார்.

"ஓட்டிப் பாக்காம குடுக்க மாட்டேன்."

எந்த மெஷினையும் அப்படித்தான். ரிப்பேர் முடிந்ததும் ஒரு துண்டுத் துணியில் நாலு வரி தைத்துப் பார்த்த பிறகுதான் கஸ்டமர் கையில் கொடுப்பார். ரேசரை எந்தத் துணியில் ஓட்டுவார் என்று கேட்டேன். "அது என் வேலை" என்றார்.

மே 19, திங்கள்

அப்பா நொண்டுகிறார். அம்மா கேட்டதற்கு "மெஷின் ஸ்டாண்ட் இடிச்சிருச்சு" என்றார். அப்பா பொய் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன். கொஞ்சமும் நன்றாக இல்லை. என்னிடம் டியூஷன் வரலாம்.

மே 20, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

பின்கட்டில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வேட்டியைத் தொடை வரை சுருட்டியிருந்தார். இரண்டு முழங்காலும் அதற்குக் கீழே ஒரு சாண் தூரமும் வழவழவென்று இருந்தன. பக்கத்தில் நுரைக் கிண்ணம், பிளாஸ்திரி, கடை நோட்டு. நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருந்தார்: 'எண் 1, வலது, பிடி நீளம், கை மடக்கினால் தட்டுகிறது. எண் 3, வலது, மூன்று இடத்தில் ரத்தம், வேண்டாம். எண் 2, இடது, அமுக்காதபோது வெட்டவில்லை. அமுக்கியபோது இரண்டு.'

"என்னப்பா இது?"

மாட்டிக்கொண்ட பையன் மாதிரி பார்த்தார். "தாடைல ஓட்டிப் பாத்தா பிரயோஜனம் இல்லடா. அது சதை. மண்டைல தோலுக்கு அடியில நேரா எலும்பு. அதே மாதிரி உடம்புல வேற எங்க இருக்கு?" முழங்காலைத் தட்டிக் காட்டினார். "உருண்டையாவும் இருக்கு."

"சொந்த மண்டைல பாத்திருக்கலாமே?"

"பாத்திருப்பேன். உங்கம்மாதான், வீட்டுக்கு ஒரு மொட்டை போதும்னுட்டா."

தலைக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

பிற்பகல் சோப்பு கண்ணில் பட்டது. குளிக்கவில்லை. ஆனாலும் பட்டது.

மே 21, புதன்

எண் இரண்டு என் கைக்கு வந்தது.

முதலில் அப்பா தையல் சாக்பீஸால் என் தலையில் அம்புக்குறி போட்டார். துணிக்கு இழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைப் பார்த்துத்தான் வெட்டுவார்களாம், முடிக்கும் அப்படித்தானாம். முன்னால் முன்பக்கமாக, காதோரம் கீழ்நோக்கி. உச்சிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"கண்மணி, இங்க வாயேன். ரெட்டைச் சுழி."

அம்மா வந்து பார்த்தாள். "பொறந்தப்பவே தெரியும். இல்லாட்டி இவ்வளவு சேட்டை எங்கேருந்து வரும்?"

இரண்டு சுழிக்கும் நடுவில் முடி எட்டுத் திசையிலும் ஓடுகிறது. என் ஒன்பது வெட்டில் ஆறு அங்கேதான். அப்பா அந்த இடத்தில் மட்டும் ஒரு வட்டம் போட்டு, "இங்க குட்டிக் குட்டியா, ஒவ்வொரு பக்கமா" என்றார்.

"அமுக்காத. அதோட கனமே போதும். நீ சும்மா வழி மட்டும் காட்டு."

வழிக்கிறதுக்கு வழி காட்டினேன். கண்ணாடி பார்க்க முடியாத பின்பக்கத்தில் இடது கை விரல் முன்னால் தடவிப் பார்த்துக்கொண்டே போக, வலது கை பின்னால் வந்தது. குட்டைப் பிடி என்பதால் கை மடங்கியபோதும் எங்கேயும் தட்டவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, வறட்டுத் தோசையைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி.

வெட்டு: ஒன்றுமில்லை. நானே இரண்டு தடவை தேடினேன்.

நனைந்த கையால் தடவினால் இளநீர் வழுக்கை மாதிரி வழுக்குகிறது. ஆப்பிரிக்காவும் இல்லை, ஆஸ்திரேலியாவும் இல்லை. எல்லாம் ஒரே நாடு. அம்மாகூடக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். வெங்காயப் பேச்சே எடுக்கவில்லை.

மே 25, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

படிப்பகத்தில் வாரக் கூட்டம். நான் ஓரத்து மேசையில் வாரப் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். கீழே இருந்தவர்களின் கண்ணுக்கு நேராக இரண்டு முழங்கால்கள். ஒன்றில் மூன்று பிளாஸ்திரி, இன்னொன்றில் இரண்டு.

இளவழகன் அய்யா படிப்பகத்தின் தலைவர், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். அவர் எதையும் கூட்டாமல் இருக்க மாட்டார்.

"தோழர், கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுக்குத் திருப்பதி மொட்டைன்னு தெருவே சொல்லுது. லட்டு குடுத்தீங்களாம். இப்ப முழங்காலைப் பாத்தா இப்படி இருக்கு. மலைப்படியை முட்டி போட்டு ஏறுனா இப்படித்தான் ஆகும்னு என் சம்சாரம் சொல்லுவா. கணக்கு நேரா வருதே."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

"கணக்கு தப்புங்கய்யா" என்றார் அப்பா.

"அப்ப சரியான கணக்கைச் சொல்லுங்க. யாரும் உங்களைச் சந்தேகப்படல. ஆனா நாளைக்கு வெளில கேட்டா நாங்க என்ன சொல்றது?"

அப்பா கடிகாரத்தை மாட்டினார். இறங்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சொல்றதுக்கில்லைங்கய்யா. வேற யார்கிட்டயாவது சாவி இருக்கட்டும்."

பத்தொன்பது வருடமாக அவர் இடுப்பில் தொங்கிய படிப்பகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். நான் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. வாயாடி என்று தெரு முழுக்கப் பெயரெடுத்த வாய். இன்றைக்கு அது லீவு.

மே 26, திங்கள்

"ஏன்ப்பா சொல்லல?"

"என்னத்த?"

"புழுவெட்டுன்னு."

ஒரு மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "அது உன் தலை. சேதியும் உன்னோடது. நான் எப்படி எடுத்துச் சொல்றது?"

"சாவி போச்சேப்பா."

"இரும்புதான. நம்மகிட்ட இல்லாத இரும்பா?"

ஞாயிறு காலை ஆனால் எங்கே போவது என்று தெரியாமல் இருக்கப் போகிற மனிதர் இதைச் சொன்னார்.

மே 29, வியாழன்

மூன்று நாளாக யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு என்ன போகும்? கோவிந்தா போகும். அய்யோ பாவம் வரும். சொல்லாவிட்டால் அப்பாவுக்கு என்ன போகும் என்று எழுத ஆரம்பித்தேன். வரிசை நீளமாக வந்தது. நிறுத்திவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் தலையை வழித்தேன். வெட்டு இல்லை. மூன்று ரேசரையும் அப்பாவின் கடை நோட்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு படிப்பகத்துக்குப் போனேன். அப்பாவிடம் பால் வாங்கப் போவதாகச் சொன்னேன். இதுதான் கடைசிப் பொய். இந்த வாரத்துக்கு.

எல்லோரும் இருந்தார்கள். செயலாளர் நாற்காலி மட்டும் காலி.

"வணக்கம். ஒரு மொட்டைக் கடிதம் வாசிக்கலாம்னு வந்தேன். மொட்டையே எழுதினதால கையெழுத்தும் இருக்கு."

இரண்டு பேர் சிரித்தார்கள்.  எழுதி வைத்திருந்த காகிதத்தில் நல்ல நல்ல சிலேடைகள் இருந்தன. ஒன்றையும் படிக்கவில்லை. புழுவெட்டு என்றேன். பிப்ரவரியிலிருந்து என்றேன். திருப்பதி நான் சொன்ன பொய், லட்டு நான் உருட்டின பூந்தி, அப்பாவுக்கு இரண்டிலும் பங்கு இல்லை என்றேன்.

"அப்ப முழங்கால்?" என்றார் இளவழகன் அய்யா.

ரேசர்களை மேசைமேல் வரிசையாக வைத்தேன். நோட்டைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார். 'எண் 3, வலது, மூன்று இடத்தில் ரத்தம், வேண்டாம்' என்ற வரியில் விரலை வைத்தார்.

"பொண்ணு தலைல படக் கூடாதுன்னு..." என்றார். 

அப்புறம் தோழர்களைப் பார்த்தார். "நான் கூட்டினது தப்பு. வழியும் தப்பு, விடையும் தப்பு. இதே என் மாணவன் எழுதியிருந்தா முட்டை போட்டிருப்பேன்."

யாரும் முகத்தைச் சாய்க்கவில்லை. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஒருவர் களிம்பு பெயர் கேட்டார். ஒருவர் டீ வாங்கி வந்து கொடுத்தார். இளவழகன் அய்யா, "தொட்டுப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டு, ஒரு விரலால் தொட்டார். அவருக்கும் காதைச் சுற்றி ஒரு வளையம்தான் மிச்சம்.

"இது எந்த நம்பர்?"

"ரெண்டுங்கய்யா. அமுக்கக் கூடாது."

"எனக்கும் ஒண்ணு வாங்கியாரச் சொல்லு உங்கப்பாவை. சொல்லாத, நானே வரேன்."

அவரும் இன்னும் நான்கு பேரும் என்னோடு வீட்டுக்கு நடந்தார்கள். அப்பா கடை வாசலில் நின்றார். அய்யா சாவியை நீட்டினார். அப்பா என்னைப் பார்த்தார்.

"பால் எங்க?"

"தீந்து போச்சுப்பா."

"பொய்யே சொல்லத் தெரியல" என்றார்.  அவர் கண்ணிலும் சோப்பு பட்டிருக்கலாம்.

கடைசியாக எதிர்வீடு. பங்கஜம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்த லட்டு?"

"கடைத்தெருப் பூந்திக்கா."

அரிசி புடைப்பதை நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தார், முறத்தின் பின்பக்கத்தால், முதுகில், மெதுவாக. "சாமிய வெச்சு விளையாடாத. ஆனா அன்னைக்கு நான் வேண்டினது உனக்காகத்தான். அதை நான் திருப்பி வாங்கிக்க மாட்டேன்."

அப்பாவிடம் இதைச் சொன்னேன். கறுப்புச் சட்டைக்காரர் யோசித்துவிட்டு, "அவங்களுக்கு நன்றி சொன்னியா?" என்றார். ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 2, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டாவது பெஞ்ச். உட்காருவதற்குள் பக்கத்து இடத்து ஷைனி கேட்டுவிட்டாள். "எந்தக் கோயில்டி?"

"கோயில் இல்லடி. புழுவெட்டு. நானே வழிச்சுக்கறேன்."

கண்கள் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தன. சாயட்டும் என்று இருந்தேன். ஷைனிதான் தலையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "ஒரு கீறல்கூட இல்ல. எப்படிடி?" என்றாள்.

முழங்கால் கதையைச் சொன்னேன். இன்டர்வெல் முழுக்கச் சொன்னேன். பன்னிரண்டு பேர் கேட்டார்கள். நன்றாகச் சிரித்தார்கள், கடைசியில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். இத்தனை வருடச் சேட்டையில் எனக்குக் கிடைத்த பெரிய கூட்டம் இதுதான்.

சாயங்காலம் அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். இடுப்பில் சாவி. பிளாஸ்திரி எல்லாம் போய்விட்டது. முழங்காலில் குட்டிக் குட்டியாக முடி முளைத்திருக்கிறது, ஓர் இடம் விடாமல். எனக்கு இன்னும் இல்லை. பொறாமையாக இல்லை என்று எழுதினால் அது இந்த வாரத்தின் முதல் பொய்யாகிவிடும்.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். சட்டென்று வேட்டியை இறக்கினார். அப்புறம் கேட்டார், "வேணும்னா நான் மறுபடி வழிச்சுக்கட்டுமாடா?"

"வேணாம்ப்பா. வளரட்டும். நம்ம வீட்டுல யாருக்காவது வளரட்டும்."

வேட்டியை மறுபடி மேலே இழுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முழங்காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன். குத்தியது. நன்றாக இருந்தது.